முதலாம் இலக்கச் சோடி

"2007 யூன், இரண்டாம் சனி. காலை, பத்துக்குச் சற்று முன். மருத்துவமாது ஸ்கூட்டரில் வந்தார். கடிதம் இலக்கம் ஒன்று எங்கள் வளவுக்கே. தேநீர் கொட்டிற்று."

என் நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். தேநீர்க் கறை பக்கத்தின் கீழ்மூலையில் இன்னும் இருப்பதால் கடைசி வாக்கியத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு அந்த ஆண்டின் மே முதல் யூலை வரையான பக்கங்களும், இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கும் எங்கள் வீட்டாரும் சாட்சி. இரண்டும் முரண்பட்ட இடங்களில் நாட்குறிப்பையே பின்பற்றியிருக்கிறேன்.

நான் அப்போது கல்முனைப் பக்கத்தில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். சுனாமிக்குப் பிந்திய இரண்டரை ஆண்டுகளில் எங்கள் ஊரில் நான் எழுதாத பட்டியல் இல்லை. கூடாரம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள், தையல் இயந்திரம் வேண்டியவர்கள், தோணி இழந்தவர்கள், தோணியே வைத்திராமல் தோணி இழந்தவர்கள் என்று எல்லாரையும் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எழுதினேன். அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு கடிதம் வந்தால் அதில் ஓர் இலக்கம் இருக்கும்; இலக்கம் இருந்தால் பின்னால் ஏதாவது சாமான் வரும். ஆகவே யாராவது கொப்பியும் கையுமாக ஒழுங்கைக்குள் நுழைந்தால் அது என்ன பட்டியல் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். "எங்கட பேர் இரிக்கா?" என்றுதான் கேட்பார்கள். இந்தப் பழக்கத்தை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் நடந்ததில் அதற்கும் பங்குண்டு.

மே மாதம் கொழும்பிலிருந்து ஒரு திட்ட உத்தியோகத்தர் வந்தார். இளவயது, கண்ணாடி, மிகுந்த மரியாதை. தாய்மார் கிளினிக் நடந்த தகரக் கொட்டகையில் எங்களை உட்காரவைத்து விளக்கினார். எச்.ஐ.வி. எங்கள் நாட்டில் குறைவு. ஆனால் கணவனுக்கு இருப்பது மனைவிக்குத் தெரியாமலும், மனைவிக்கு இருப்பது கணவனுக்குத் தெரியாமலும் இருக்கும் வீட்டில் அது சத்தமில்லாமல் மற்றவருக்குப் போய்விடும். எனவே தனி ஆட்களைத் தேடாமல் சோடிகளைத் தேடவேண்டும். அவர்களை ஒன்றாக வரவழைத்துக் கதைத்து, சம்மதித்தால் இருவருக்கும் இரத்தம் சோதித்து, ஒருவருக்கு இருந்தால் மருந்து கொடுத்து மற்றவரைக் காப்பாற்றலாம். எல்லாருக்கும் கடிதம் அனுப்ப வசதியில்லை. ஆபத்து அதிகமுள்ள பத்துச் சோடிகளைத் தெரிவுசெய்யத்தான் அவர் ஒரு படிவம் கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கூட்டினால் யாருக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்துவிடும்.

கடற்கரையிலிருந்து பிரதான வீதிவரை நான்கு ஒழுங்கைகள் எங்கள் பங்கு. அந்த ஒழுங்கைகளின் மருத்துவமாது பாண்டிருப்பைச் சேர்ந்த பெண்மணி. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேரின் முதல் அழுகையைக் கேட்டவர் அவர்தான். கூட்டம் முடிந்து உத்தியோகத்தர் வாகனத்தில் ஏறியதும் அவர் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம், அவரும் என்னை அப்படித்தான் அழைப்பார்.

"காக்கா, நான் ஒரு சோடிக்காகத்தான் இந்தப் போமுக்கு ஓமெண்டனான்," என்றார். "ஆரெண்டு கேக்காதீங்க, சொல்லமாட்டன். போன வருசம் புருசன வெளிநாட்டில இருந்து அரவாசியில திருப்பி அனுப்பியிருக்கு. அங்க ரத்தம் எடுத்துப் பாத்திட்டு ஒரு கிழமைக்குள்ள பிளேனில ஏத்திட்டானுகள். ஏனெண்டு ஒரு கடதாசியும் குடுக்கல்ல. அவர் வாய் திறக்கிறதில்ல. பாயத் தனியப் போட்டுப் படுக்காராம். பொஞ்சாதி நினைக்கிறா, தன்னில வெறுப்பாக்கும் எண்டு. ரெண்டு மாசமா எனக்கிட்ட வந்து பிள்ள கிடைக்க மருந்து கேக்கிறா."

"அப்ப ரெண்டு பேரையும் கூப்பிடலாமே மிஸ்?"

"அவ வருவா. அவர் வரமாட்டார். இந்த வாசல்ல ஒரு ஆம்பிள தனிய வந்து நிண்டா அண்டைக்கே ஊர் கதைக்கும். பத்துச் சோடி கடிதத்தோட வந்தா அதுக்குள்ள ஒண்டா வருவார். பட்டியல ஒழுங்காப் போடுங்க காக்கா. அவட உயிரும் பிள்ள ஆசையும் இதிலதான் நிக்குது."

எதையும் கேட்டுக் குறித்துவைக்கும் எனக்கு அந்தப் பெயரைக் கேட்காமல் இருந்தது பெரிய சோதனை. அன்றைய பக்கத்தில் "ஒரு சோடி" என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் ஒழுங்கைக்கு நாலுபேர் இருந்தார்கள், ஆகவே ஊகித்தும் பயனில்லை.

இரகசியம் காக்கும் ஏற்பாட்டை நான்தான் செய்தேன். இன்றும் அதில் எனக்குப் பெருமை உண்டு, விளைவு எப்படிப் போனாலும். படிவத்தில் பெயர் இராது, இலக்கம் மட்டும். எந்த இலக்கம் எந்த வீடு என்பது பச்சைக் கொப்பியில், அது மருத்துவமாதிடம். எந்த இலக்கத்துக்கு எத்தனை புள்ளி என்பது சிவப்புக் கொப்பியில், அது என்னிடம். பெண்களிடம் மாதர் சங்கத்தார் இருவர் கேட்டார்கள். ஆண்களிடம் ஒரு வாத்தியார் கேட்டார். நான் வீடுவீடாகப் போகவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போவான், வீடு பெண்ணுக்கு. நான் இருப்பது என் மனைவிக்குக் கிடைத்த வீட்டில், மாமாவும் மாமியும் அதே வளவில் பின்வீட்டில். மாமா பள்ளிவாசல் நிருவாகத்தில் எங்கள் குடியின், அதாவது தாய்வழிக் குலத்தின், பிரதிநிதியான மரைக்காயர். அவர் முன்னால் நான் உரத்துத் தும்மியதுகூட இல்லை. அவரிடம் போய், "மாமா, நீங்கள் இரவில் எங்கே தங்குகிறீர்கள்?" என்று கேட்பதை நினைத்துப் பார்க்கவே முடியாது. வாத்தியார் கேட்டார். நான் கூட்டல் மட்டும் செய்தேன்.

கூட்டலில் பிழையில்லை. பிறகு மூன்று தடவை சரிபார்த்தேன். அதிக புள்ளி பெற்ற பத்து இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி உத்தியோகத்தருக்கு அனுப்பினேன். முதலாவது வந்ததற்கு இலக்கம் ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று அவர் பழைய இலக்கத்தின் பக்கத்தில் புதிதாகக் குறியிட்டு, முத்திரை பதித்த பத்துக் கடிதங்களை ஒட்டி அனுப்பினார். எந்த வீட்டுக்கு எது என்பதைப் பச்சைக் கொப்பியில் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியது மருத்துவமாதின் வேலை.

அந்தச் சனிக்கிழமை நான் முற்றத்தில் மாமரத்தின் கீழ்க் கதிரை போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டு நாட்குறிப்பை நிரப்பிக்கொண்டிருந்தேன். படலையடியில் ஸ்கூட்டர் நின்றது. மருத்துவமாது இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஹாண்டிலில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறாராக்கும் என்று பதறி ஓடினேன். சிரிப்பு. பேச்சே வரவில்லை.

"காக்கா… ஒண்டாம் நம்பர்…" என்று கடிதத்தை நீட்டிப் பின்வீட்டைக் காட்டினார்.

தேநீர் கொட்டியது அப்போதுதான்.

மாமா அதற்குள் வந்துவிட்டார். கடிதம் என்றால் ஊரில் யாருக்கும் காது கூர்மை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மாமியும் கேட்கட்டும் என்று சத்தமாக வாசித்தார். "தாங்களும் தங்கள் துணைவியாரும் விசேட கவனம் தேவைப்படும் தம்பதியாக இனங்காணப்பட்டுள்ளீர்கள்" என்ற இடம்வரை முகம் மலர்ந்திருந்தது. வீட்டுத்திட்டம் என்று நினைத்திருப்பார். அடுத்த பந்தியில் எச்.ஐ.வி. என்ற சொல் வந்ததும் குரல் இறங்கிற்று. யூலை முதல் ஞாயிறு கொழும்பிலிருந்து பெண் டொக்டர் ஒருவர் கிளினிக்குக்கு வருவார் என்ற வரியோடு வாசிப்பே நின்றுவிட்டது.

மாமி உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு வந்தார். "என்னவாம்?"

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாததுக்கா கவுன்மேந்து முத்திர குத்தி அனுப்பியிரிக்கி? மருமகன், நீங்க சொல்லுங்க."

நான் எவ்வளவு சுற்றி வளைத்தும் கடைசியில் சொல்லவேண்டியதாயிற்று. கணவன்மார் இரவில் வீட்டில் தங்குகிறார்களா, வெளியில் தங்குகிறார்களா என்பதற்குத்தான் அந்தப் படிவத்தில் புள்ளி அதிகம். மாமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நாப்பத்திரெண்டு வருசமா நானும் கேக்கன், மாவடிப்பள்ளி வாடியில அப்பிடி என்ன வேல எண்டு. இப்பதான் கவுன்மேந்துக்கே வெளங்கியிரிக்கி."

மாமாவின் வயல் மாவடிப்பள்ளிக்கு அப்பால். பெரும்போகம் விதைத்தால் அறுத்துச் சூடடிக்கும்வரை தண்ணீர் பார்க்கவும் யானைக் காவலுக்கும் அங்கேயே ஒரு குடிசை போட்டுத் தங்குவார், அதுதான் வாடி.

"ஓம், வாடியில ஆள் வெச்சிரிக்கன்!" என்றார் மாமா. "ஆன. நாலு கால். கொம்பில்லாதது. போதுமா?"

"கொம்பில்லாட்டி பொம்புள ஆனதானே?" என்றார் மாமி.

என் மனைவி அடுப்படிக்குள்ளிருந்து சிரித்த சிரிப்பு அடுத்த வளவுக்கும் கேட்டிருக்கும். மாமா எங்கள் எல்லாரையும் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் கோபப்பட்டால் எனக்கு இன்னும் மரியாதை கூட்டிக் கதைப்பார்.

"மருமகன், நீங்க படிச்ச மனிசர். பள்ளி மரைக்காரப் பத்தி என்னத்த எழுதியிரிக்கீங்க?"

"நான் எழுதல்ல மாமா. நீங்க சொன்னதத்தான் வாத்தியார் எழுதின. நான் கூட்டின மட்டும்தான்."

சிவப்புக் கொப்பியையும் படிவக் கட்டையும் கொண்டுவந்து வாசித்தேன். கடந்த ஆறு மாதத்தில் வீட்டில் தங்காத இரவுகள்: வயல் வாடியில் மூன்று மாதம். பிறகு பொத்துவில் பக்கம் ஜமாஅத்தில் மார்க்க வேலையாக நாற்பது நாள். வேறு வீட்டில் தங்குவதுண்டா: உண்டு, உம்மாவுக்குச் சுகமில்லாதபோது உம்மா வீட்டில். சொந்தப் பெயரில் வீடு உண்டா: இல்லை, மனைவியின் வீடு. மாமா ஒவ்வொன்றுக்கும் "ஓம்… ஓம், சரி" என்று தலையாட்டினார். எல்லாம் உண்மை. ஒரு பொய்யும் சொல்லாத மனிதர் என்பதால்தான் அவருக்கு இவ்வளவு புள்ளி.

மற்ற ஒன்பது கடிதங்களின் இலக்கங்களையும் அன்றைக்கே புரட்டிப் பார்த்தேன். பெயர் தெரியாவிட்டாலும் விடைகள் தெரிந்தன. வாடி, ஜமாஅத், வாடி, வாடியும் ஜமாஅத்தும், ஆழ்கடல் படகு ஒன்று, திரும்பவும் வாடி. கொழும்பில் யாரோ நல்ல நோக்கத்தோடு எழுதிய கேள்விகள் எங்கள் ஊரின் விவசாயிகளையும் தொழுகையாளிகளையும் அள்ளிக்கொண்டு வந்து முன்வரிசையில் நிறுத்திவிட்டன. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் எனும் காணிப் பதிவேடுகளைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் வாசிப்பவன் நான். வாசலில் நின்று கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டு போன கணக்குப்பிள்ளைமார் என்னென்ன எழுதியிருப்பார்களோ என்று அன்றைக்கு முதல்தடவையாக யோசித்தேன்.

மருத்துவமாது புறப்படும்போது சிரிப்பு அடங்கியிருந்தது. படலையில் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"நான் தேடின சோடி இந்தப் பத்தில இல்ல காக்கா."

அது எப்படி என்று அவர் போனபிறகு கொப்பியின் மறுமுனையைப் புரட்டியபோது விளங்கிற்று. படிவம் கேட்டது கடந்த ஆறு மாதத்தை. அதற்கு முன்பே திரும்பி வந்து வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவர் ஒவ்வோர் இரவும் வீட்டில்தான் தங்குவார். பாய் எங்கே கிடக்கிறது என்று படிவம் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் புள்ளி அநேகமாகப் பூச்சியம். பட்டியலின் அடியில் எங்கோ அந்த இருவரும் பத்திரமாக மறைந்திருந்தார்கள், அவள் மட்டும் அடுத்த கிழமையும் மருந்து கேட்டு வருவாள்.

திங்கட்கிழமை விஷயம் வேறு திசையில் ஓடியது. மாமா ஒளிக்க நினைத்தாலும் மற்ற ஒன்பது வீடுகளில் ஒளிக்கவில்லை. சந்தித் தேநீர்க்கடையில் கடிதம் வந்தவர்கள் ஒருவரையொருவர் இலக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு எத்தின?"

"நாலு."

"எனக்கு ஏழு. நானும் நாப்பது நாள் போனானே, எனக்கென்ன குறைச்சல்?"

"நீ வயல குத்தகைக்கு விட்டுட்டுப் பொஞ்சாதிட முந்தானைக்குள்ள படுத்தா எப்பிடி மேல வாற?"

கந்தோரில் என் மேசைக்கு முன்னால் ஐந்தாறு பெண்கள் கூடிவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே முறைப்பாடு: பட்டியலில் தங்கள் பெயர் இல்லை. ஒரு பெண் தன் கணவனின் அடையாள அட்டைப் பிரதியைக்கூடக் கொண்டுவந்திருந்தார்.

"மரைக்காருக்கு ஒண்டாம் நம்பர். அவருக்கு மாடி வீடு. எங்களுக்கு இன்னும் தகரம். இது என்ன ஞாயம் காக்கா?"

"புள்ள, இது சாமான் லிஸ்ட் இல்ல. ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறது."

"ஊசிக்குப் புறகு என்ன தருவாங்க?"

"ஒண்டும் தரமாட்டாங்க."

"முதல்ல அப்பிடித்தான் சொல்லுவீங்க," என்றார் அவர். "கூடாரத்துக்கும் அப்பிடித்தான் சொன்ன."

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா என்னைப் பின்வீட்டு முற்றத்துக்குக் கூப்பிட்டார். தன் பெயரை வெட்டிவிடும்படி சொல்லத்தான் கூப்பிட்டார். வெட்டுகிறேன் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குப் பதில், பெயரும் ஊகமும் இல்லாமல், அந்தச் சோடியின் கதையைச் சொல்லிவிட்டேன். சொல்லலாமா என்று எனக்கே நிச்சயமில்லை. மருத்துவமாதிடம் பின்னர் ஒப்புக்கொண்டேன், அவர் கோபிக்கவில்லை.

மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு கேட்டார்.

"ஆரு அது?"

"எனக்குத் தெரியா மாமா."

"நல்லது. எனக்கும் தெரியவேணாம்." தாடியைத் தடவினார். "அந்தப் புள்ளைக்குப் புருசன்ட வாயால ஒண்டும் தெரியாது. புருசனுக்கு வெளிய வரப் பயம். நாங்க பத்துப்பேரும் வெக்கத்தில போகாட்டி டொக்டர் வந்து கதிரயப் பாத்திட்டுப் போவா. என்ன?"

"ஓம் மாமா."

"அப்ப வெட்டாதீங்க."

மாமி தேநீரோடு வந்தபோது மாமா அவரிடம் சொன்னார்: "வாற மாசம் முதல் ஞாயிறு கிளினிக்குக்குப் போறம். நீங்களும்தான். நல்ல சாரி ஒண்டு உடுங்க."

"ஆனையும் வருமா?" என்றார் மாமி.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் எழும்பும்போது மாமா கையை உயர்த்தி நிறுத்தினார். மாமா எப்போதும் சுருக்கமாகக் கதைப்பவர். அவர் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து உடனே எழுதிவைத்தேன்.

"எனக்கு ஒரு லெட்டர் வந்தது எல்லாருக்கும் தெரியும். ஒண்டாம் நம்பர். நானும் என்ட வீட்டாக்களும் போறம். லெட்டர் வந்த ஆக்களும் வரலாம், வராத ஆக்களும் வரலாம், ஆனா சோடியா வரணும். சாமான் ஒண்டும் தரமாட்டாங்க. சீனி பாப்பாங்க, பிரசர் பாப்பாங்க. உள்ளுக்குக் கதவச் சாத்திப்போட்டு டொக்டர் இன்னொண்டும் கேப்பா. ஓம் எண்டா ஓம், இல்லயெண்டா இல்ல. நான் ஓம் எண்டுதான் சொல்லப்போறன். வெளிய வந்த ஆள ஆரும் ஒண்டும் கேக்கிறல்ல. அவ்வளவுதான்."

உத்தியோகத்தரிடம் தொலைபேசியில் பட்டியலின் நிலைமையையும், சீனியும் பிரசரும் பார்ப்பார்கள் என்று மாமா ஊருக்குச் சொல்லிவிட்டதையும் விளக்கினேன். அவர், "ஊசி எத்தனை கொண்டுவர?" என்று கேட்டார். நல்ல மனிதர்.

யூலை முதல் ஞாயிறு காலை எட்டுக்கு நான் கொட்டகைக்குப் போனபோது மருத்துவமாது கதிரைகள் போதாமல் பாலர் பள்ளியின் நீள இருக்கைகளான வாங்குகளை இழுத்துக்கொண்டிருந்தார். ஒழுங்கை முனைவரை ஆட்கள். எங்கள் ஊரில் கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் வரிசையில் நிற்பதைப் பெருநாள் சந்தையில்கூட நான் கண்டதில்லை. அன்று நின்றார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல், மறுபக்கம் திரும்பி, ஆனால் நின்றார்கள். பத்துக்கு மூன்று பேராவது சாமான் நம்பிக்கையில்தான் வந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டேன். அடையாள அட்டைப் பிரதி கொண்டுவந்த பெண் அன்றும் அதைக் கொண்டுவந்திருந்தார்.

முதலில் மாமாவும் மாமியும் போனார்கள். கொழும்பிலிருந்து வந்த டொக்டர் ஒரு சிங்களப் பெண், தமிழை மெல்ல மெல்லத் தேடிக் கதைப்பார். கதவு சாத்தப்பட்டது. பத்து நிமிடம். மாமா வெளியே வந்து முழங்கையை மடித்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வாங்கில் இருந்தார். மாமி சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன மாமி கேட்டாங்க?" என்று என் மனைவி விதியை மறந்து தன் உம்மாவை என்னைப்போல மாமி என்று கூப்பிட்டுக் கேலி செய்தாள்.

"அது கேக்கப்படாது எண்டு உங்கட வாப்பா சொன்ன," என்றார் மாமி. "ஆனா ஒண்டு சொல்றன். நாப்பத்திரெண்டு வருசத்தில இவரு என்னோட ஒரே இடத்தில இரிந்து பத்து நிமிசம் கதைச்சது இண்டைக்குத்தான். அதுக்கு ஒரு டொக்டர் தேவப்பட்டிச்சி."

மாமா எழுந்து வரிசையை ஒழுங்குபடுத்தப் போனார். அங்கேயே வெயிலில் மதியம்வரை நின்றார். யாராவது வெளியே வந்தவரின் முகத்தைக் கூர்ந்து பார்த்தால் அவர்களுக்கும் முகத்துக்கும் நடுவில் மாமாவின் தொப்பி வந்து நின்றுவிடும்.

பதினொரு மணியளவில் என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சப்பாருங்க, எங்கட போம் எங்க?"

எங்கள் வீட்டுப் படிவத்தை நான் நிரப்பவே இல்லை. எழுதுபவன் தன்னை எழுத மறந்துவிட்டான். "எங்களுக்குப் பூச்சியம்தான் வரும்," என்றேன்.

"ஓம், ராவெல்லாம் வீட்டிலதான். புத்தகத்தோட," என்றாள். நாங்களும் வரிசையில் நின்றோம். உள்ளே என்ன கதைத்தோம் என்பதை மாமாவின் விதிப்படி இங்கேயும் எழுதவில்லை.

கடைசிச் சோடி போனபின் மருத்துவமாது வாங்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே, கையை நிறுத்தாமல், சொன்னார்.

"வந்தாங்க."

அந்த ஒரு சொல்லை அன்றைய பக்கத்தில் தனி வரியில் எழுதியிருக்கிறேன்.

முடிவுகளுக்கு இரண்டு கிழமை கழித்து வரச்சொல்லியிருந்தார்கள். எல்லாரும் திரும்ப வராவிட்டால் வந்தவர்கள் மட்டும் ஊரின் கண்ணில் தெரிவார்கள் என்பது முதலில் என் மூளைக்கு எட்டவில்லை, மாமாவுக்கு எட்டியது. அந்த ஞாயிறும் அவரே வீடுவீடாகப் போய், "வாங்க, பேப்பர் எடுக்கணும், எனக்குச் சீனி எத்தின எண்டு பாக்கணும்," என்று கூட்டிக்கொண்டு வந்தார். மாமி ஒரு பெரிய பேசின் நிறையப் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்தார். சாமான் நம்பிக்கையில் இருந்தவர்களுக்குக் கடைசியில் அதுதான் கிடைத்தது. அடையாள அட்டைக்காரப் பெண் நாலு எடுத்தார், "சொன்னனே, ஏதாவது தருவாங்க எண்டு," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். மாமாவுக்குச் சீனி கொஞ்சம் கூட. அன்றோடு அவருக்குப் பணியாரம் நின்றுபோயிற்று. பட்டியலால் அவர் அடைந்த ஒரே நட்டம் அது.

இரண்டு நாள் கழித்துப் பாதையில் மருத்துவமாதைக் கண்டேன். ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"அந்தப் பிள்ளைக்கு ஒண்டுமில்ல காக்கா. சுத்தம்."

"அவருக்கு?"

"இப்ப அவருக்கும் அவவுக்கும் நடுவில கதை இருக்கு. முந்தி இருக்கல்ல," என்றார். "மிச்சம் டொக்டர்மார் பாப்பாங்க." ஹெல்மெட்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். மேற்கொண்டு நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. அடுத்த படிவத்தில் இரவுகளைப் பற்றிய கேள்வியை உத்தியோகத்தர் மாற்றியிருந்தார்: எங்கே தங்குகிறீர்கள் என்பதோடு, ஏன் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். அதன் பிரதி என்னிடம் இருக்கிறது.

2009 மே மாதம் யுத்தம் முடிந்த செய்தி வந்தது. அதற்கு அடுத்த மாதத்துப் பக்கம் ஒன்றில் இரண்டு விடயங்கள் குறித்திருக்கிறேன். முதலாவது, மருத்துவமாது இடமாற்றம் பெற்றுப் போகிறார் என்று விடைபெற வந்தது. மாமி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, படலையடியில் என்னிடம், "என்ட சோடிக்குப் பிள்ள கிடைச்சிட்டு. டொக்டர் சொன்ன மாதிரியே நடந்து, கவனமாப் பெத்திருக்கா. மூணு பேரும் சுகம்," என்றார். ஆணா பெண்ணா என்று கேட்க வந்தேன். கேட்டால் ஊரில் தேடத் தொடங்கிவிடுவேன் என்று எனக்கே தெரிந்ததால் கேட்கவில்லை.

இரண்டாவது, அதே கிழமை வியாழன். நான் கந்தோரிலிருந்து வந்தபோது மாமி பின்வீட்டு அடுப்படியில் இறைச்சி கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளை பிறந்தால் ஆடு அறுத்து அக்கம்பக்கத்துக்குப் பங்கிடும் அகீக்கா இறைச்சி. யாரோ ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

"ஆரு மாமி தந்த?"

"ஒண்டாம் நம்பர் வீட்டுக்கு எண்டு தந்தா."

அந்தப் பெயர் அப்போது ஊர் முழுக்க மாமாவுக்கு ஒட்டியிருந்தது, ஆகவே அதிலிருந்து ஒன்றும் பெறமுடியாது. "ஆள் ஆரு எண்டு கேக்கன்."

மாமி நிமிர்ந்து பார்த்தார். "மருமகன், அந்தக் கேள்வி உங்கட போமில இல்லயே."

மாமா கூடத்தில் இருந்து சிரித்தார். நான் போய் நாட்குறிப்பை எடுத்து எழுதினேன். அன்று எழுதியதையே இங்கே தருகிறேன், அதற்குப் பிறகும் சேர்க்க ஒன்றும் கிடைக்கவில்லை:

"அகீக்கா இறைச்சி, ஒரு பொதி, மாமா வீட்டுக்கு. கொண்டுவந்தவர் பெண், மாமிக்குத் தெரிந்தவராக இருக்கலாம். மருத்துவமாது சொன்ன பிள்ளையின் அகீக்காவா: உறுதிப்படுத்தப்படவில்லை."